ஊசிக்காரி மேல் வயிற்றெரிச்சல்

எசினாமுக்கு வயிற்றெரிச்சல். சும்மா இல்லை, பற்றிக்கொண்டு எரிந்தது. ஒரே முற்றத்தில் எதிர் அறையில் குடியிருப்பவள் நான், எனக்குத் தெரியாதா?

மீன்துறையில் கென்கே என்கிற புளித்த மக்காச்சோள மாவு உருண்டையும் பொரித்த மீனும் விற்பவள் அவள். புருஷன் கஃபூயி தலைநகர் அக்ராவுக்கு லாரி ஓட்டினான். காதில் குரல் கேட்க ஆரம்பித்ததும் ஜெபமுகாமில் மரத்தோடு சங்கிலியில் கட்டிப்போட்டார்கள். அங்கே நோயாளிக்கு வீட்டு ஆள்தான் பொங்கிப்போட வேண்டும். வியாபாரத்தை விட்டுவிட்டு வருஷக்கணக்கில் அவன் பக்கத்திலேயே கிடந்தாள். அறைந்தான், துப்பினான், வாங்கிக்கொண்டாள்.

அப்புறம்தான் மனநல நர்ஸ் அக்பேனே மோட்டார் சைக்கிளில் வந்தாள். சங்கிலியை அவிழ்க்க வைத்தாள், மாதம் ஓர் ஊசி போட்டாள். மனுஷன் தெளிந்து வீடு திரும்பினான்.

திரும்பியவன் பெண்டாட்டியிடம் "உப்பு இருக்கா?" என்பதைத் தாண்டிப் பேசுவதில்லை. நர்ஸ் வரும் நாளில் மட்டும் குளித்து, கழுத்தில் பவுடர் பூசி, இஸ்திரிச் சட்டையோடு உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவான். சிரிப்பு வேறு.

"பாத்தியாக்கா! பீ மூத்திரம் அள்ளினது நானு. பல்லக் காட்டுறது அவகிட்ட!"

"மருந்து குடுக்கிறவடீ. அவகிட்ட மனசத் தொறக்காம?"

"ஏன், எனக்குக் காது இல்லியா?"

அடுத்த மாதம் நர்ஸைத் தெருமுனையிலேயே மடக்கினாள். "மாமா செத்துட்டாரு. எங்க வீட்டுக்காரரு சாவு வீட்டுக்குப் போயிருக்காரு." எங்கள் ஊரில் சாவு என்றால் எதிர்க்கேள்வி கிடையாது. அதற்கடுத்த மாதம் அதே மாமாவுக்கு நாற்பதாம் நாள். இல்லாத மாமாவுக்கு என்ன மரியாதை! புருஷனிடம் நர்ஸுக்கு மாற்றல் என்று சொல்லிவிட்டாள்.

ஊசி நின்றது, கஃபூயிக்கு வாய் திறந்தது. அடுப்படியில் அவளருகே உட்கார்ந்து பேசினான், பேசினான். எசினாமுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"எங்க கல்யாணத்தப் பத்திக்கூடப் பேசினாருக்கா!"

"ஊசி தவறிப்போச்சுடீ. எனக்குப் பயமா இருக்கு."

"உனக்குப் பொறாமை."

எனக்கா!

ஒரு காலையில் மீனைத் திருப்பிப் போட்டபடி, "அப்புறம் என்னாச்சுங்க?" என்று கேட்டாள்.

"உன்ன யாரு கேட்டா? நாங்க பேசிக்கிட்டிருக்கோம்ல" என்றான் அவன். பார்வை அவள் தோளைத் தாண்டிச் சுவரில் இருந்தது.

மீன் கருகக் கருகப் போட்டுவிட்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். சுகாதார நிலைய வாசலில் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"பொய் சொன்னேன் நர்ஸம்மா, அவரு வீட்லதான் இருந்தாரு. வாங்க, ஊசி போடுங்க. உங்ககிட்டயே பேசட்டும். உசுருள்ள மனுஷிகிட்டப் பேசினாப் போதும்."