பூச்சி என்னுது

போன வாரம் ஆர்.கே.பேட்டை சாலையில், பயிர்மருந்துக் கடை ஒன்றின் வாசலில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். உள்ளே ஒருவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புழு சாவலன்னா?" என்று கேட்டார். "அதுக்கெல்லாம் நாங்க பொறுப்பில்லீங்க" என்றார் கடைக்காரர். மூக்கில் ஏறிய நெடியும் அந்தப் பொறுப்பு என்ற சொல்லும் சேர்ந்து என்னை ஐம்பதுகளுக்குத் தள்ளிவிட்டன. பஸ்ஸை விட்டுவிட்டேன்.

அப்போது நான், பூச்சி ஆராய்ச்சிக்கென்று திருத்தணிக்கு வந்த ஓர் அதிகாரிக்கு உதவியாள். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். டாக்டர் என்று பேராகிவிட்டதால் காய்ச்சல்காரர்களும் வருவார்கள். உங்கள் வயலில் என்ன பயிர் என்று விசாரித்து அனுப்பிவிடுவார். மலையடிவாரச் சத்திரத்தில் ஓர் அறை. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பக்தர்கள் ஜன்னலில் எட்டிப் பார்க்க, உள்ளே பாட்டில் பாட்டிலாகக் கம்பளிப்புழு. புழு என்று சொன்னால் மட்டும் அவருக்குப் பொத்துக்கொண்டு வரும். "மண்ணுல நெளியறதுதான்யா புழு. இது அந்துப்பூச்சியோட குழந்தை. பூச்சின்னு சொல்லு." சொன்னேன். வேலை அவர் கையில் அல்லவா.

கம்பளிப்புழுவின் உடம்பில் முட்டையிட்டு அதைத் தீர்த்துக்கட்டும் குட்டிக் குளவி ஒன்று உண்டு. மருந்துப்பொடி தூவாத வயல் கிடைத்தால், குளவியே பயிரைக் காப்பாற்றும் என்று காட்டிவிடலாம் என்பது அவர் கனவு. சுப்பராயலு நாயுடுவிடம் ஒன்றரை ஏக்கர் வேர்க்கடலை இருந்தது. அவரிடம் இருந்ததே அவ்வளவுதான்.

வரப்பில் நின்று டாக்டர் சொன்னார்: "இந்த வயல்ல பூச்சி என்னுது. நீங்க மருந்து போட வேணாம்."

"பூச்சி உங்களுதா?" நாயுடுவின் முகம் மலர்ந்துவிட்டது.

"என்னுதுதான்."

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் டாக்டர் பெருமையாகத் தலையாட்டினார்.

இங்கேதான் வம்பு. நாயுடு வீட்டில் தெலுங்கு. அவருக்குப் புழு என்றால் புழு. பூச்சி என்றால் அது தெலுங்குப் பூச்சி, அதாவது ஜாமீன். விளைச்சலுக்கு சர்க்காரே ஜாமீன் நிற்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். திருத்தணி ஆந்திராவுக்கா மெட்ராஸுக்கா என்று இழுபறியாக இருந்த நேரம். எந்த சர்க்கார் என்பதை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. நானும் வீட்டில் நைனா, வெளியே அப்பா என்று இரண்டு பாஷையிலும் வளர்ந்தவன்தான். அன்று வரப்பில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

குளவி வந்தது. பத்து நாள் பிந்தி வந்தது. அதற்குள் புழுக்கள் வயலுக்கு மொட்டை போட்டுவிட்டு, அடுத்த வயலுக்கு ஊர்வலம் கிளம்பியிருந்தன. வெறும் காம்புகளுக்கு நடுவே டாக்டர் குளவிகளைப் பார்த்துக் குதூகலித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, ஒரு கூடை புழுவோடு நாயுடு சத்திரத்துக்கு வந்தார்.

"பூச்சி உங்களுதுன்னு சொன்னீங்களா இல்லீங்களா?"

"சொன்னேன். என்னுதுதான்."

"அப்ப ஏத்துக்கிறீங்களா?"

"சந்தோஷமா. உள்ள வைங்க."

ஜன்னலில் நின்ற மொட்டைத்தலைக்காரர் ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "அய்யாதான் ஒத்துக்கினாரே, அப்புறம் இன்னா?"

நாயுடு கூடையை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "அப்ப என் புள்ளைங்க இன்னா துன்றதுங்க?" என்றார். கத்தவில்லை.

அதற்கப்புறம்தான் வாயைத் திறந்து இரண்டு பூச்சிகளையும் விளக்கினேன். டாக்டர் கூடையை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "உனக்கு அன்னிக்கே தெரியலையாப்பா?" என்று கேட்டார்.

"இப்பதான் சார் புரிஞ்சுது."

அடுத்த மழைக்கு டாக்டரே கொள்ளு விதை கொண்டுவந்து, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, நாயுடுவின் ஏருக்கு முன்னால் தெளித்துக்கொண்டு போனார். "பூச்சி என்னுதுதானே" என்றார். நானும் தெளித்தேன். விளைந்ததும் நாயுடு கொஞ்சம் கொள்ளைத் துண்டில் முடிந்துகொண்டு வந்து, "பூச்சி தீந்துபோச்சிங்க" என்றார். "பூச்சி தீந்துபோச்சுன்னா என் வேலையும் போயிடுமேய்யா" என்று டாக்டர் சிரித்தார்.

இன்று அந்த வயலில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். புழு ஊர்வலத்தைப் பார்த்தே எத்தனையோ வருஷமாகிறது. நாயுடுவும் இல்லை, டாக்டரும் இல்லை. ஜாமீனைப் பூச்சி என்று சொல்கிறவர்களையும் எங்கள் பக்கம் இப்போது காணோம்.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே. அன்று வரப்பில், நாயுடு முதல் தடவை கேட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது. புழு என்று சொன்னதற்கெல்லாம் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிய மனிதருக்கு இது வேணும் என்று, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். மூன்று தடவையும் நின்றேன். டாக்டர் கடைசிவரை தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பூச்சி என்னுது.