கோலை விட்டு ஓடிய மெர்சி

போன செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகத்தில் எனக்குப் போன் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். கல்லூரிக் கால்பந்து அணியில் என்னோடு ஆடிய ஹமீதா.

"சுமதி, மெர்சி போயிட்டாடி."

"எங்க?" என்று கேட்டேன்.

அவள் அழுகிறாள் என்பது காதில் விழுந்த பிறகும், மெர்சிக்கு வெளியூரில் வேலை கிடைத்திருக்கும், அதற்கு ஏன் இவள் இப்படி அழுகிறாள் என்றுதான் என் புத்தி ஓடியது.

பல்லாவரத்தில் ஒரு பள்ளியில் மெர்சி விளையாட்டு ஆசிரியை. அன்று காலைப் பிரார்த்தனை முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்தவள், "தலை ஒரு மாதிரி இருக்கு" என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டதாம். முப்பது வயதுகூட நிறையவில்லை.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் அவளைப் பல்லாவரம் சந்தையில் பார்த்தேன். மகளுக்குப் பழைய சைக்கிள் ஒன்றைப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். திடீரென்று அதில் ஏறி, அந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். கடைக்காரர் பின்னாலேயே ஓடினார். "இன்னாம்மா, எத்துகினு போயிடுவ போல கீதே!" "ஓட்டிப் பாக்காம எப்படிண்ணா வாங்கறது?" என்றாள். புடவையோடு அந்த சைக்கிளில் வந்தவளைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு ஹமீதா சொன்னதை நான் எப்படி நம்புவது?

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவளை ஆசிரியையாகத்தான் தெரியும். எனக்கு அவள் கோல்கீப்பர்.

பத்து வருஷத்துக்கு முன்னால், எண்பதுகளின் கடைசி அது. தாம்பரம் பக்கத்தில் எங்களுடையது சின்ன மகளிர் கல்லூரி. பெண்களுக்குக் கால்பந்து அணி வேண்டும் என்று முதல்வர் அறை வாசலில் நின்றுகொண்டே இருந்தவள் மெர்சி. "பதினோரு பேரைச் சேர்த்துக் காட்டு, பார்க்கலாம்" என்றார் முதல்வர். சரியாகப் பதினோரு பேர் சேர்ந்தோம். கடைசியாகப் பிடிபட்டவள் நான்.

நான் அரை டிராயர் போட்டுக்கொண்டு மைதானத்தில் ஓடுவதை யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். மறுநாளே நிறுத்திவிட்டார். மெர்சி அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"காலை ஒடிச்சிக்கிட்டா இவளை நாளைக்கு யாரும்மா கட்டிப்பான்?" என்றார் அப்பா.

"அங்கிள், உண்மையைச் சொல்லட்டுமா? உங்க பொண்ணு நல்லாவே ஆட மாட்டா. பந்து கிட்டயே போறதில்ல, கால் எங்க ஒடியப்போகுது? ஆனா அவ வரலன்னா எங்களுக்கு டீமே இல்ல."

அப்பா சிரித்துவிட்டார். அம்மாவைக் கூப்பிட்டு அவளுக்குக் காபி கொடுக்கச் சொன்னார். எனக்குத்தான் அவள்மேல் சில நாள் கோபம் தீரவில்லை.

அந்த சீசன் முழுக்கத் தோற்றோம். முதல் மேட்சில் எங்களுக்கு ஏழு கோல் விழுந்தது. நகரத்துக் கல்லூரி ஒன்றின் மைதானத்தில் ஆடிவிட்டு மின்சார ரயிலில் திரும்பும்போது எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முழங்கையில் தோல் வழன்றிருந்த மெர்சி கதவோரம் நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். "ஏழு பந்து உள்ள போச்சுன்னு மூஞ்சைத் தூக்கி வெச்சிருக்கீங்களே, நான் எத்தனை பிடிச்சேன்னு ஒருத்தியாவது எண்ணினீங்களாடி?" பரங்கிமலை வருவதற்குள் பெட்டியே சிரித்தது.

கடைசி மேட்ச் வரைக்கும் நாங்கள் ஒரு கோல்கூடப் போடவில்லை. அன்றைக்கும் ஐந்து வாங்கியிருந்தோம். ஆட்டம் முடியப்போகிறது. ஆறாவது கோலாகியிருக்க வேண்டிய பந்தைப் பிடித்தாள் மெர்சி. வழக்கம்போல் உதைத்து அனுப்பாமல், தரையில் வைத்து அவளே தள்ளிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

"மெர்சி! எங்க போற? கோல்ல ஆளே இல்ல!" என்று எங்கள் பயிற்சி ஆசிரியை கத்தினார்.

எதிரணிப் பெண்கள் அவள் நின்றுவிடுவாள் என்றே நினைத்திருக்க வேண்டும். ஒருத்தி சிரித்துக்கொண்டே வழிவிட்டாள். நடுக்கோட்டைத் தாண்டியும் மெர்சி நிற்கவில்லை. எதற்கென்றே தெரியாமல் நானும் பக்கத்தில் ஓடினேன். அவள் அடித்த பந்து கம்பத்தில் மோதி உள்ளே போனது.

எங்கள் ஆரவாரம் அடங்கி, ஆட்டம் திரும்பத் தொடங்கியபோது மெர்சிக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. உடனே ஆறாவது கோலும் விழுந்தது.

"ஆறு வாங்கினா இன்னாடி? ஒண்ணு குடுத்தமா இல்லையா?" என்று ரயிலில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அடுத்த ஆண்டு எங்கள் செட் வெளியேறியது. அணியும் அதோடு போயிற்று.

கல்லறைத் தோட்டத்துக்கு ஹமீதாவும் நானும் அணியில் இருந்த இன்னும் சிலரும் வந்திருந்தோம். பள்ளிப் பெண்கள் சீருடையோடு வரிசையாக நின்றார்கள். அவள் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னார்: "காலையில நான்தான் ஸ்கூல் வாசல்ல இறக்கிவிட்டேன். கை காட்டிட்டுதான் உள்ள போனா." யாராவது இதில் தவறு கண்டுபிடித்துச் சொல்லிவிட மாட்டார்களா என்பதுபோல் எங்கள் முகங்களைப் பார்த்தார். மண் போடும்போதுகூட எனக்கு அழுகை வரவில்லை. வேறு யாரோ ஒருவருடைய சாவுக்கு நாங்கள் வந்திருப்பதாகவும், மெர்சி தாமதமாக வந்துகொண்டிருப்பதாகவும் தோன்றியது. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

நாங்கள் ஆடிய மைதானங்களில் பல கோல் கம்பங்களுக்கு வலை கிடையாது. கோல் விழுந்தால் பந்து எங்கேயோ முள்செடிப் பக்கம் உருண்டு போய்விடும். தடுக்காமல் விட்டது நாங்கள்தான். ஆனாலும் அவள்தான் போய் எடுத்து வருவாள். ஒருநாளும் எங்களை ஏசியதில்லை. தன் சட்டையில் பந்தைத் துடைத்து, நடுக்கோட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி என்னிடம் தருவாள். அத்தனை தோல்வியிலும் அவள் ஒரு தடவைகூட அதைத் தூக்கி எறிந்ததில்லை. நடந்து வந்து என் கையில் கொடுத்தாள். மெர்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவள் அப்படிக் கொடுத்த விதம்தான்.