பாப்பாவின் வாயோரத்து வெள்ளை

அன்றைக்குப் பாப்பா எதைத் தின்றாள்? எதையாவது தின்றாளா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் ஸ்கூல் விட்டதும் ஓட்டமும் நடையுமாக மேரி அக்கா வீட்டுக்குப் போனேன். பகலில் என் ஒன்றரை வயது மகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான். கூடவே, வீட்டிலேயே பீங்கான் பொம்மைகளை அச்சில் வார்க்கிறார். வாசலில் வாளி வாளியாகக் கரைத்த வெள்ளை மண்.

பாப்பா தாவி வந்தாள். தூக்கி, முகத்தைத் துடைத்து, கொஞ்சினேன். அப்புறம்தான் கவனித்தேன்... வாயோரமெல்லாம் வெள்ளை!

பீங்கான் தொழிலுக்குப் பேர்போன எங்கள் விருத்தாசலத்தில் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் மனசு முதலில் ‘மண்’ என்றுதான் சொல்லும்.

“என்னாக்கா, மண்ணத் தின்னவுட்டீங்களா?”

“ஐயய்யோ, இல்ல டீச்சரம்மா! பாத்துக்கிட்டேதான இருந்தேன்.”

“அப்ப வாயில என்னா அது?”

“தெரியலியே... இவ்ளோ நேரம் நல்லாத்தான இருந்துச்சி.”

தெரியலியாமே! டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். “குழந்தை நல்லா இருக்கும்மா. தின்னுச்சா இல்லியான்னு நான் எப்படிச் சொல்றது?” என்றார்.

கணவருக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். கூப்பிட்டார்; நடந்ததைச் சொன்னேன்.

“தின்னத நீ பாத்தியா?”

“அதப் பாக்க வேற செய்யணுமா?”

“இதைத்தான் ஆறாங் கிளாஸுக்கு நடத்துறியா?”

சுருக்கென்றது. அந்த வாரப் பாடமே அதுதான் — பார்த்தது வேறு, பார்த்ததை வைத்து ஊகித்தது வேறு.

மறுநாள் வகுப்பில் கேட்டேன். “ஒரு குழந்தை வாயில வெள்ளையா இருக்கு. இது நாம பார்த்தது. என்ன ஊகிக்கலாம்?”

“பவுடரு டீச்சர்!”

“கோலமாவு!”

“கோன் ஐஸு!”

கடைசி பெஞ்சு வாலு ஒன்று எழுந்தது. “டீச்சர், உங்க கையும் வெள்ளையாத்தான் இருக்குது. நீங்க என்னா தின்னீங்க?”

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாக்பீஸ் தூள்! அன்றைக்குக் கை கழுவாமல்தானே ஓடினேன்? முகத்தைத் துடைத்தது நான்தானே?

ஆனால்... கழுவவில்லை என்பது நிஜமாகவே ஞாபகமா? சாக்பீஸ்தான் என்று முடிவு கட்டினால் அதுவும் ஊகம்தானே? வாளிகள் வாசலில் இருந்தன — அதை நான் பார்த்தேன்.

டாக்டரிடம் ஓடிய நாளிலிருந்து பாப்பாவை மேரி அக்காவிடம் விடவில்லை; இப்போது சேத்தியாத்தோப்பிலிருந்து மாமியார் வந்து பார்த்துக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவார். திங்கட்கிழமை பாப்பாவை யாரிடம் விடுவது? தெருவில் எதிர்ப்பட்டால் மேரி அக்கா தலையைக் குனிந்துகொண்டு போகிறார். கோபமா? குற்ற உணர்வா? பாருங்கள், மறுபடியும் ஆரம்பித்துவிட்டேன்!

மன்னிப்புக் கேட்டுப் பாப்பாவை அவரிடமே விடவா? விட்டுவிட்டு, வகுப்பில் நிம்மதியாக நிற்க என்னால் முடியுமா? பிள்ளையைப் பிறரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் எனக்கு எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள் — உங்கள் வீட்டில் நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ஊகம் என்னிடமே ஏராளமாக இருக்கிறது.