நான் கூட்டிய புவியீர்ப்பு

என் சித்தி மகள் எங்கள் குரோம்பேட்டை வீட்டுக்கு வந்த நான்காம் நாளே பூமியைச் சுற்றிவிட்டாள். நானோ அந்த விளையாட்டைக் கணினியில் ஏற்றிய நாளிலிருந்து, இரண்டு மாதமாக, ராக்கெட்டுகளைக் கடலில் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தேன். அவள் எட்டாம் வகுப்பு. முழுப் பரீட்சை விடுமுறைக்கு வந்திருக்கிறாள் என்று சொன்னார்கள். ஒரு பெட்டியில் துணியும், இன்னொன்றில் பாடப்புத்தகங்களும் பள்ளிச் சான்றிதழ்களும் கொண்டுவந்திருந்தாள். லீவுக்கு யாராவது சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வருவார்களா என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அந்த விளையாட்டு வகுப்புத் தோழி ஒருத்தி பென் டிரைவில் கொடுத்தது. அதில் சுடுவதற்கு எதிரிகள் கிடையாது. ராக்கெட்டை நாமே பாகம் பாகமாகப் பூட்டி, எரிபொருள் நிரப்பி, ஏவ வேண்டும். மிச்சத்தைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். நிஜத்தில் எப்படி விழுமோ அப்படியே விழும். நான் ராக்கெட்டை நேராக மேலே விடுவேன். அது மேலே போய், எரிபொருள் தீர்ந்து, ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்பி வரும்.

அவள் மூன்று நாள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, மேலயே போனா கீழ வந்துதானே ஆகணும்? சைடுல வேகமா ஓட விட்டுப் பாக்கலாமா? அப்பவும் விழும்தான். ஆனா விழுறதுக்குள்ள பூமி வளைஞ்சு போயிடும்ல?”

விட்டுப் பார்த்தாள். விழவில்லை.

அன்றைக்கு வேலையிலிருந்து வந்த அப்பா அதைப் பார்த்ததோடு என் கெட்ட காலம் ஆரம்பித்தது. அப்பா திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் உலோகம் கடையும் சி.என்.சி. மெஷினுக்கு புரோகிராம் எழுதுபவர். எண்கள் என்றால் உயிர். அதுவரை வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு டிவி முன்னால் உட்காருகிறவர், இப்போது ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கணினிப் பக்கம் வந்தார். “இன்னிக்கு எவ்ளோ ஹைட்?” என்று கேட்பார். கேள்வி அவளுக்குத்தான். கணக்குப் பரீட்சைக்கு நான் கெஞ்சிக் கேட்டும், “தொலைச்சுடுவ” என்று தராமல் வைத்திருந்த தன் கால்குலேட்டரை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அதன் உறையோடு கொடுத்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. விளையாட்டு என்னுடையது, கணினி என்னுடையது, அப்பாவும் என்னுடையவர்.

விளையாட்டின் கோப்புகளைக் குடைந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் ஒன்று கண்ணில் பட்டது. கோள்களின் விவரங்கள் அங்கே வெறும் எழுத்தாக இருந்தன. பூமியின் புவியீர்ப்புக்கு நேரே 9.8 என்று இருந்தது. அதை 6 ஆக்கினேன். என் ராக்கெட் முதல்முறையாகப் பூமியைச் சுற்றியது. ஓடிப்போய் அப்பாவை இழுத்து வந்தேன். திரையைப் பார்த்து “பரவால்லையே” என்றார். உடனே அவள் பக்கம் திரும்பி, “நீ சந்திரனுக்கு எப்போ போற?” என்றார். நான் எண்ணைப் பழையபடி மாற்றிவைத்தேன்.

சந்திரனில் இறங்குவது ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்தபிறகு என்று முடிவானது. அந்த வாரம் முழுக்க அவள் ஒரு நோட்டில் கணக்குப் போட்டாள். எடை கூடக்கூடாது என்பதால், போகவும் வரவும் மட்டும் போதுமான எரிபொருள். சனிக்கிழமை சாயங்காலம் அவளும் அம்மாவும் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில் அந்தக் கோப்பைத் திறந்தேன். 9.8ஐ 11.8 ஆக்கினேன். ஒரு நிமிட வேலைதான்.

ஞாயிறன்று அப்பா மாடி வீட்டு அங்கிளையும் கூப்பிட்டிருந்தார். நாற்காலிகள் போட்டாயிற்று. அம்மா கேசரி கிளறியிருந்தாள். சித்தி மகள் சர்ச்சுக்குப் போட்ட மஞ்சள் கவுனோடு உட்கார்ந்து ஏவினாள். ராக்கெட் சோம்பேறித்தனமாகக் கிளம்பியது. அவள் முகத்தில் சின்னதாக ஒரு சுருக்கம் விழுந்தது. பாதி உயரத்திலேயே எரிபொருள் முள் சரிந்தது. ராக்கெட் சாய்ந்து, கடலில் விழுந்தது. இன்னொரு முறை ஏவினாள். அதுவும் கடலுக்கே போனது. மூன்றாவதில் மாடி வீட்டு அங்கிள் கேசரிக் கிண்ணத்தை வைத்துவிட்டு, “நல்ல முயற்சிம்மா” என்று எழுந்துகொண்டார். அவள் காது சிவந்திருந்தது. நான் இரண்டாவது கிண்ணம் கேசரி வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தபோது அவள் கணினி முன் தனியாக இருந்தாள். ஏவுதளக் கோபுரத்தின் உச்சியிலிருந்து காலி டேங்க் ஒன்றைக் கீழே தள்ளிவிட்டு, விளையாட்டுக் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் குறித்தாள். மறுபடி தள்ளினாள், மறுபடி குறித்தாள். பத்து முறைக்கு மேல் இருக்கும். எனக்கு ஈரத் தலையிலும் வியர்த்தது.

“அக்கா, நூறு மீட்டர் விழ நாலரை செகண்டு ஆகணும்,” என்றாள். “நாலுதான் ஆகுது. பூமி கனமாயிடுச்சு.”

“எனக்கென்ன தெரியும்? உன் கணக்கு தப்பா இருக்கும்.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். தெரிந்துகொண்டாள். அந்தப் பார்வையில் அது அப்படியே இருந்தது. அழுவாள், கத்துவாள், அம்மாவிடம் ஓடுவாள் என்று காத்திருந்தேன். சொல்ல வேண்டிய பொய்யைக்கூடத் தயார் செய்துவிட்டேன். அவள் நோட்டை மூடினாள்.

“இருக்கலாம்க்கா.”

சாயங்காலம் அப்பா வந்து கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். “என் தப்புதான் பெரியப்பா. எரிபொருள் கம்மியா வெச்சுட்டேன்.”

அப்பா என் பக்கம் திரும்பினார். “பாத்தியா? தப்புன்னா தப்புன்னு எப்படி ஒத்துக்கறா! நீயும் இருக்கியே.”

நான் செய்த தப்புக்கும் அவளுக்கே பாராட்டு கிடைத்தது. அதுவரை இருந்த பொறாமையெல்லாம் அன்றைக்கு வந்ததோடு சேர்த்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. அவளோ அதன்பிறகு கணினிப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டாள். அம்மாவுக்கு பீன்ஸ் நறுக்கித் தந்தாள், துணி மடித்தாள், கேட்காமலே என் சுடிதாரையும் அயர்ன் பண்ணி வைத்தாள். நல்ல பெயர் வாங்க நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் சித்தியிடமிருந்து போன் வந்தது. அவள் பால்கனியில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஒட்டுக்கேட்டேன். இப்போதாவது என்னைப் போட்டுக்கொடுப்பாள் என்று நினைத்தேன்.

“இங்க நல்லா இருக்கேம்மா. நீ எதையும் நெனச்சுக்காத... ஆமா, அக்கா என்கூட நல்லா விளையாடுறா. அவ கம்ப்யூட்டரையே எனக்குத் தந்துட்டா... இல்லம்மா, அங்க எல்லாம் சரியாகுற வரைக்கும் எவ்ளோ நாள்னாலும் இருக்கேன். இங்கயே ஸ்கூல்ல சேத்தாலும் சரிதான்.”

நான் நேரே சமையலறைக்குப் போனேன். அவள் சித்தியிடம் பொய் பொய்யாகச் சொல்கிறாள் என்று அம்மாவிடம் வத்தி வைத்தேன். ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன்.

அவளுக்குத் திட்டு விழும் என்று காத்திருந்தேன். அம்மா அடுப்பை அணைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைத் தாண்டி, பால்கனிக்குப் போனாள். போன் வைத்துவிட்டு நின்றவளைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். வெகுநேரம் விடவேயில்லை.

அம்மாவும் அவள் கட்சிக்குப் போய்விட்டாள் என்றுதான் எனக்கு அன்றைக்குத் தோன்றியது.