விடைத்தாளின் நான்காவது வரி

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று தன் கணிதப் பாடங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது என்று தெரியவந்தபோது எனக்கு முப்பது வயது. பள்ளி அலுவலகம் ஒன்றில் கிளார்க் வேலை. காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. கணிதம் சேர்வதற்கான நுழைவுத் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தேன். மூன்றாவது முறையும் போனால் அத்தோடு தலைமுழுகிவிடுவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்ததும் தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போவேன். அங்கே வீடியோ பார்க்க முடியாது. பேராசிரியர் வாயைத் திறந்தால் மூடுவதற்குள் படம் நின்றுவிடும். அதனால் பாடக் குறிப்புகளை பிரிண்ட் எடுத்து வந்து வீட்டில் படிப்பேன். பாடம் இருந்தது, சந்தேகம் கேட்கத்தான் ஆள் இல்லை.

தேடியதில் இணையத்திலேயே ஒரு விவாத மன்றம் கிடைத்தது. அதே பாடத்தை அவரவர் ஊரிலிருந்து சேர்ந்து படிக்கும் பத்துப் பன்னிரண்டு பேர். வாரம் ஒரு தொகுப்பு கணக்கு. போட்ட கணக்கை எழுதிவிட்டு, எந்த இடத்தில் முட்டி நின்றோம் என்பதையும் கடைசியில் எழுத வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

நான் எங்குமே முட்டி நிற்கவில்லை. பாடம் இருந்த அதே தளத்தில், பக்கத்தின் அடியில், விடைத்தாளும் இருந்தது. முதல் வாரம் ஒரே ஒரு கணக்கைத்தான் பார்த்து எழுதினேன். யாரோ பாராட்டினார்கள். பிறகு விட மனம் வரவில்லை. ஊருக்கே திறந்து வைத்த தளத்தில் இருக்கும் விடைத்தாள் என் கண்ணில் மட்டும்தான் பட்டிருக்கும் என்று எப்படி நம்பினேனோ, இன்றும் புரியவில்லை.

என் கணவருக்குத் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி வேலை. ஒருநாள் என் தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

"இதுக்குப் பரீட்ச உண்டா?"

"அவங்க வைக்கறதில்ல."

"சர்டிபிகேட்?"

"அதுவும் இல்ல."

"அப்ப யாருக்குக் காட்டறதுக்கு இவ்ளோ எழுதற?"

கிண்டலாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

ஏழாவது வாரம், மன்றத்தில் இருந்த ஒரு நர்ஸ் எனக்கு எழுதினார். ஏதோ ஒரு குளிர்நாட்டில் வேலை பார்ப்பவர். "இரண்டாவது கணக்கில் மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரிக்கு எப்படி வந்தீர்கள்? கொஞ்சம் சொல்ல முடியுமா?"

மூன்று நாள் அந்த வரியையே முறைத்துக்கொண்டிருந்தேன். பிடிபடவில்லை. தேர்வுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. மன்றத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டால் இங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த ஒரு வரி தெரியாதவள் காலாப்பட்டில் போய் என்ன எழுதுவாள் என்ற பயம் பெரிதாக இருந்தது. நாலாம் நாள் போய் உண்மையை எழுதினேன். நான் போட்டதில்லை, பார்த்து எழுதினேன், ஏழு வாரமாகவே அப்படித்தான்.

மறுநாள் பதில் இருந்தது. "விடைத்தாள் எங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. அதில் அந்த நான்காவது வரி தப்பு. நாங்கள் எல்லோரும் முட்டி நின்ற இடம் அதுதான். நீங்கள் ஒருவர் மட்டும் தாண்டியிருந்தீர்கள். முதல் வாரத்திலிருந்து திரும்பத் தொடங்குங்கள், நான் கூட வருகிறேன்."

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்த எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. அழுகையும் வந்தது. பிறகு முதல் வாரக் கணக்கைத் திறந்தேன். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டேன். அதை அப்படியே எழுதினேன்.

தேர்வன்று என் கணவர் லீவு போட்டுவிட்டு பைக்கில் கூட்டிப்போனார். திரும்பும்போது, முகத்தைத் திருப்பாமல், "எப்படி எழுதின?" என்றார்.

முந்தைய இரண்டு வருடமும் இதே சாலையில் இதே கேள்விக்கு, "நல்லா எழுதியிருக்கேன்" என்று சொல்லியிருந்தேன்.

"அஞ்சு கணக்கு வரல. எங்க நிக்குதுன்னு தெரியுது, அதுக்கு மேல போகல" என்றேன்.

அந்த வருடம்தான் எனக்கு இடம் கிடைத்தது.