அல்லாபிச்சையின் கார்புரேட்டர்

1974இல் பெட்ரோல் விலை ஏறியபோது, காரைக்குடி டாக்ஸி ஸ்டாண்டில் முதலில் திண்டாடிப் போனவர் அல்லாபிச்சை. பன்னிரண்டு வருஷம் சம்பளத்துக்கு ஓட்டிவிட்டுச் சொந்தமாக வாங்கிய பழைய கார் அவருடையது. மற்றவர்கள் வண்டிகளெல்லாம் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் ஓடின. அவருடையது ஆறுகூடத் தரவில்லை.

புதுக் கார்புரேட்டர் மாட்ட வசதியில்லை. மதுரையில் பழைய சாமான் கடைகளில் இரண்டு நாள் அலைந்து, ஒரு சின்னக் காரிலிருந்து கழற்றிய கார்புரேட்டரைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். சின்ன வண்டிக்குக் குறைவாகப் பெட்ரோல் விடுவது தன் வண்டிக்கும் குறைவாகத்தானே விடும் என்பது அவர் எண்ணம். ஸ்டாண்டு வண்டிகளுக்கு வேலை பார்க்கும் மானகிரிக்கார மெக்கானிக் அருள்சாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேணாம் பாய். இந்த இஞ்சினுக்கு இது பத்தாது."

"நீ மாட்டு. மத்தத நான் பாத்துக்கிறேன்."

போல்ட் துளைகள் பொருந்தவில்லை. அருள்சாமி அலுமினியத் தகட்டை அறுத்து, ராவி, இடையில் வைத்து ஒருவழியாக மாட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து வண்டி இருமியது. மேட்டில் இழுக்கவில்லை. ஐந்து மைலுக்குள் ரேடியேட்டர் கொதித்தது. அல்லாபிச்சை தினமும் காலையில் பானெட்டைத் திறந்து, பெட்ரோல் அளவு திருகை அரைச் சுற்று இங்குட்டும் கால் சுற்று அங்குட்டுமாகத் திருகினார். பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். ஆனால் டாங்கு மட்டும் முன்போலவே காலியானது. அதுதான் அவருக்குப் பிடிபடவேயில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை ஏகப்பன் என்பவரை நிலத்தகராறு வழக்குக்காகச் சிவகங்கைக்கு ஏற்றிக்கொண்டு போனார். காளையார்கோவில் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் திருகியும் கிளம்பவில்லை. ஏகப்பன் ஒரு வார்த்தை திட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு, வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அல்லாபிச்சைக்கு. லாரியில் கட்டி இழுத்து வந்து பட்டறையில் விட்டவர், தகடு சரியில்லை, வேலை சரியில்லை என்று அருள்சாமியைப் பத்துப் பேர் முன்னால் பேசினார். அருள்சாமி பழைய கார்புரேட்டரைத் திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் அல்லாபிச்சை வீட்டு வாசலில் தானே இஞ்சின் ஆயிலை மாற்றினார். வடித்த ஆயிலை, கரையான் ஏறாமல் கட்டில் காலில் பூசுவதற்காக மனைவி பல்கீஸ் எப்போதும் வாங்கிக்கொள்வாள். டப்பாவைச் சாய்த்துப் பார்த்தவள் முகம் சுளித்தாள்.

"தண்ணி மாதிரி ஓடுது. பெட்ரோல் நாத்தம் வேற."

"நேத்து கார்புரேட்டரைக் கழட்டி மாட்டுனதுல சிந்தியிருக்கும்."

"ஆடி மாசம் குடுத்தீகளே, அதுவும் இப்படித்தான் இருந்துச்சு. அப்ப எதைக் கழட்டுனீக?"

அவர் ஒரு சொட்டை விரலில் தேய்த்துப் பார்த்தார். பிசுக்கே இல்லை. தன் வண்டிக்கு ஆயில் குறைவதே கிடையாது என்று ஸ்டாண்டில் எத்தனை முறை பீற்றியிருப்பார். குறைந்த ஆயிலின் இடத்தைப் பெட்ரோல் அல்லவா நிரப்பியிருக்கிறது. இஞ்சினோடு ஒட்டிப் பெட்ரோல் வந்துபோகும் இடம் பம்ப்தான். அதைக் கழற்றினார். உள்ளே பெட்ரோலை இழுத்துத் தள்ளும் உள்ளங்கையளவு டயாஃப்ரம் தோல் விளிம்போரம் கிழிந்திருந்தது. டாங்கிலிருந்து பம்ப் இழுத்த பெட்ரோலில் ஒரு பங்கு அந்தக் கிழிசல் வழியே இஞ்சினுக்குள் ஒழுகியிருக்கிறது. மதுரைக்குப் போக ஆன பஸ் காசுக்கே புதுத் தோல் வந்திருக்கும்.

தோலை மாற்றினார். வண்டி லிட்டருக்கு ஒன்பதரை கொடுத்தது. ஆனால் அடியிலிருந்து டொக் டொக்கென்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. பட்டறைக்குப் போய் அருள்சாமி முன் நின்றார். மன்னிப்புக் கேட்க நினைத்து வந்தவர் சத்தத்தைப் பற்றி மட்டும் சொன்னார். அருள்சாமி இஞ்சின்மேல் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றிக் காதை வைத்துக் கேட்டார்.

"பேரிங் தேஞ்சு போச்சு பாய். தண்ணியாப் போன ஆயில்லயே இத்தனை நாள் ஓடியிருக்கு. இஞ்சினை இறக்கணும்."

"அந்தத் தோலை நீ அன்னைக்கே பாத்திருக்கலாமுல்ல?"

"நீங்க கார்புரேட்டரை மாட்டத்தானே சொன்னீக?"

அல்லாபிச்சை வண்டிச் சாவியை எடுத்து அருள்சாமியிடம் நீட்டினார். பணம் சேர்த்து இஞ்சினை இறக்கி ஏற்ற ஐந்து மாதம் ஆனது. அதுவரை அதே ஸ்டாண்டில் வேறொருவர் வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டினார். சொந்த வண்டி என்னாயிற்று என்று கேட்டவர்களிடம் பட்டறையில் நிற்கிறது என்று மட்டும் சொன்னார்.