அயிரை மீன் குழம்பும் என் வயிற்றெரிச்சலும்

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, சரியாக நினைவில்லை. மதுரையில் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் குடியிருந்தோம். என் கணவருக்குச் சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையில் வேலை. அவருடைய தம்பியும், தம்பிக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணும் எங்களோடுதான் இருந்தார்கள். அடுப்படி என் ராஜ்ஜியம். என் கைக்குழம்புக்கு ஈடு கிடையாது என்று எனக்கு ஒரு கர்வமும் உண்டு.

அந்த வருஷம்தான் என் விரல் மூட்டெல்லாம் வீங்கிக்கொண்டது. தலை பின்ன முடியவில்லை. தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினால் உயிர் போனது. நாட்டு வைத்தியர் ஒருவர் சூரணம் கொடுத்து, ஒரு மண்டலம் கடும்பத்தியம் போட்டார். புளி, மீன், கருவாடு, கத்தரிக்காய், தயிர் எதுவும் கூடாது. முடக்கத்தான் ரசமும் குழைந்த சோறும்தான். ஈரத்தில் கை வைக்கவே கூடாது. "நடுவுல நாக்க நீட்டுனீக, மொதல்லருந்து ஆரம்பிக்கணும் தாயி" என்று மிரட்டியும் அனுப்பினார்.

சமையல் கொழுந்தன் பெண்சாதி கைக்குப் போனது.

நாக்கைக் கட்டுவதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. என்னால் பொறுக்க முடியாதது என் வீட்டுக்காரரின் வாய்தான். இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டிருக்கிறேன், ஒருநாள் 'நல்லாருக்கு' என்று சொன்னதில்லை. இவள் பரிமாற ஆரம்பித்ததும், "ஆகா, என்னா ருசி! ஆத்தா, இன்னொரு கரண்டி ஊத்து" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்கிறார். "அமிர்தம்ணே, அமிர்தம்!" என்று கொழுந்தன் ஒத்து ஊதுகிறார். பக்கத்து அறையில் ரசச் சோற்றைக் கரண்டியால் அள்ளிக்கொண்டிருந்த எனக்கு அடுப்பில்லாமலே வயிறு எரிந்தது. கை வலி இன்றைக்கோ நாளைக்கோ போய்விடும். போன இடம் திரும்பக் கிடைக்குமா? அந்தப் பெண் "அக்கா, வெந்நி வேணுமா?" என்று கேட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் உயிரோடு துள்ளும் அயிரை மீன் வாங்கி வந்தார். அயிரை என்றால் நான்தான் வைக்க வேண்டும், எங்கள் சொந்தபந்தம் முழுக்க அதைச் சொல்லும். அன்றைக்குச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது மனிதர் சொல்கிறார்: "இப்பிடி ஒரு கொழம்பு இந்த வீட்டுல வச்சதே இல்ல."

அவ்வளவுதான். பத்தியமாவது, மண்ணாவது! மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்ததும் அடுப்படிக்குள் போனேன். வீங்கின விரலால் மூடியை நகர்த்தி, ஒரு மீனை எடுத்துக் குழம்போடு வாயில் போட்டேன்.

நறநறவென்று பல்லெல்லாம் மண்!

அயிரை சேற்றில் மேய்கிற மீன். உயிரோடு மோர்த் தண்ணீரில் விட்டு, வயிற்றில் உள்ள மண்ணைக் கக்க வைத்த பிறகுதான் கழுவ வேண்டும். இவள் அப்படியே அலசிச் சட்டியில் போட்டிருக்கிறாள். புளியும் பச்சை வாசம் போகவில்லை. உப்பு ஒரே கரிப்பு.

"அய்யோ அக்கா, பத்தியம்!" என்று பின்னால் குரல். அவள்தான் நின்றுகொண்டிருந்தாள். துப்பிவிட்டு, "என்னடி இது, ஒரே மண்ணு! இதையா அம்புட்டுப் பேரும் அமிர்தம்ன்டாக?" என்றேன்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்குச் சமைக்க வராதுன்னு மொத நாளே பெரிய மாமாகிட்டச் சொல்லிட்டேன்க்கா. அதுக்கு மாமாதான், நல்லால்லன்னு ஒரு சொல்லு ஒங்கக்கா காதுல விழுந்துச்சுன்னா, அந்தக் கையோட எந்திரிச்சுச் சமைக்க வந்துருவா, எது வச்சாலும் நல்லாருக்குன்னே சொல்லுவோம்ன்டாக."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எனக்காக மண்ணைத் தின்றிருக்கிறார் மனிதர்! ஆனாலும் பொறாமை முழுசாகப் போகவில்லை. மண் குழம்பை அமிர்தம் என்று சொல்லத் தெரிந்தவருக்கு, என் குழம்பைப் பற்றிச் சொல்ல மட்டும் வாய் வரவில்லையே!

வைத்தியரிடம் மறைக்கவில்லை. அவரும் சொன்னபடியே முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார். இந்த முறை அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்து வாயாலேயே சமைத்தேன். எனக்கும் அவளுக்கும் அப்போதுதான் பேச்சு வந்தது. வீக்கம் மெல்ல வடிந்தது. பத்தியமா, கைக்குக் கிடைத்த ஓய்வா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

பத்தியம் முடிந்து நான் முதலில் வைத்தது அயிரை மீன் குழம்புதான். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். ஒரு வார்த்தை இல்லை. "எப்பிடி இருக்கு?" என்று நானே கேட்டேன். "சட்டியில இன்னும் இருக்கா?" என்றார்.

அன்றிலிருந்து அவர் வாய் மூடிச் சாப்பிட்டால் எனக்கு நிம்மதி. தப்பித்தவறி 'நல்லாருக்கு' என்று சொல்லிவிட்டால், இன்றைக்கும் அடுப்படிக்கு ஓடிப்போய் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிடுகிறேன்.